கரி, ஆடு, இரும்புக் குழாய் ஏற்றிய பெட்டியில் டூரிஸ்ட்! குட்டி ரயில்கள் பிழைத்த கதை

டூர் போன இடத்தில் மலை ரயிலுக்கு டிக்கெட் எடுக்கிறீர்கள். விலை கொஞ்சம் அதிகம்தான். பிளாட்பாரத்துக்குப் போனால், நிற்பது ஒரு கூட்ஸ் வண்டி! பலகை அடித்த பக்கச் சுவர், அதில் வெள்ளை பெயின்ட்டில் பெரிய நம்பர், ஒரு ஓரத்தில் கையால் சுற்றும் இரும்பு பிரேக் சக்கரம். "என்னங்க இது, காசையும் வாங்கிட்டு சரக்கு வண்டியில ஏத்துறாங்க?" என்றுதான் முதலில் தோன்றும்.

ஆனால், கொஞ்சம் சுற்றிப் பாருங்கள். உள்ளே சோபா மாதிரி சீட் போட்ட பெட்டியை விட்டுவிட்டு, அந்தத் திறந்த பெட்டியில் இடம் பிடிக்கத்தான் கூட்டம் நிற்கும். அமெரிக்கா, வேல்ஸ், ஆஸ்திரேலியா என்று பல இடங்களில் பாரம்பரிய ரயில்கள் இப்படித்தான் ஓடுகின்றன. பழைய சரக்குப் பெட்டிகளை மாற்றியோ, அதே அச்சில் புதிதாகக் கட்டியோ அதில் மனிதர்களை ஏற்றுகிறார்கள்.

கேட்கும்போது ஈஸியாகத் தெரியும். நாலு பெஞ்ச் போட்டால் முடிந்தது, இல்லையா? இல்லை. கூடவே ஒரு பெரிய சண்டையும் இருக்கிறது: பழைய பெட்டியை வெட்டி மாற்றுவது நல்லதா, புதிதாக ஒரு 'டூப்' செய்வது நல்லதா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அது என்ன நேரோ கேஜ்?

இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் கேஜ். நம் ஊரில் எக்ஸ்பிரஸ் ஓடும் அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர். ஊட்டி மலை ரயில் மீட்டர் கேஜ், அதாவது 1,000 மி.மீ. அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் ஓடிய குட்டி ரயிலுக்கு 3 அடி, சுமார் 914 மி.மீ. டார்ஜிலிங்கில் 610. வேல்ஸ் நாட்டின் ஃபெஸ்டினியோக் ரயிலில் வெறும் 597 மி.மீ! இரண்டு அடி கூட இல்லை.

ஏன் இவ்வளவு ஒடுக்கமாகப் போட்டார்கள்? மலையில் வளைந்து வளைந்து போக வேண்டும். பாதை ஒடுங்கினால் வளைவை இன்னும் இறுக்கமாகப் போடலாம். பாறையை வெட்டுவது குறையும், பாலம் சின்னதாகும், செலவு மிச்சம். 

இந்த ரயில்களில் பெரும்பாலானவை பயணிகளுக்காகப் பிறந்தவை இல்லை. ஃபெஸ்டினியோக் 1836-இல் திறக்கப்பட்டது, மலையில் வெட்டிய ஸ்லேட் கல்லைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காக. கல் ஏற்றிய வேகன்கள் இன்ஜின் இல்லாமல், சரிவில் தானாகவே உருண்டு இறங்கும். காலி வேகன்களை மேலே இழுத்துப் போக வேண்டிய குதிரைகளும் அதே ரயிலில் ஒரு தனி வேகனில் ஏறிக்கொண்டு இறங்கும்! முறையான பயணிகள் சேவை அங்கே வந்தது 1865-இல்தான். கொலராடோவிலும் தாதுக்கல், மரம், மாடு, ஆடு, கடைசிக் காலத்தில் எண்ணெய்க் கிணறுகளுக்கான இரும்புக் குழாய் என்று சரக்குதான் வருமானம்.

லாரி வந்ததும் சரக்கு போய்விட்டது. ரயில் நின்றது. யார்டில் மிச்சம் இருந்தது எது? வரிசை வரிசையாகச் சரக்குப் பெட்டிகள். பயணிகள் பெட்டிகள் மிகக் குறைவு. "இந்த ரயிலைக் காப்பாற்றணும், டூரிஸ்ட்டை ஏத்தணும்" என்று நினைத்தவர்கள் முன்னால் இருந்த மூலப்பொருளே அதுதான்.

1970: இரண்டு மாநிலங்கள் வாங்கிய ரயில்

இதற்குச் சரியான உதாரணம் கம்ப்ரஸ் அண்ட் டோல்டெக் ரயில். கொலராடோவின் ஆன்டோனிட்டோ ஊருக்கும் நியூ மெக்சிகோவின் சாமா ஊருக்கும் நடுவே 64 மைல், அதாவது சுமார் 103 கிலோமீட்டர். வழியில் உள்ள கம்ப்ரஸ் கணவாயின் உயரம் 10,015 அடி. ஊட்டியை விட 800 மீட்டர் மேலே!

இந்தப் பாதையை வைத்திருந்த டென்வர் அண்ட் ரியோ கிராண்டே வெஸ்டர்ன் கம்பெனி 1960-களின் இறுதியில் இதைக் கைவிட்டது. தண்டவாளத்தைப் பிடுங்கி பழைய இரும்புக்குப் போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். 1970-இல் இரண்டு மாநில அரசுகளும் சேர்ந்து, சுமார் ஐந்தரை லட்சம் டாலருக்கு அதை வாங்கின. பாதை, சாமா யார்டு, ஒன்பது நீராவி இன்ஜின்கள், நூற்றுக்கும் மேற்பட்ட சரக்கு மற்றும் பராமரிப்பு வண்டிகள் எல்லாம் சேர்த்து.

1971-இல் டூரிஸ்ட் ரயில் ஓட வேண்டும். பயணிகள் பெட்டிக்கு எங்கே போவது? மூடிய சரக்குப் பெட்டிகளை, அதாவது பாக்ஸ் கார்களை எடுத்தார்கள். பக்கச் சுவரை அறுத்து ஜன்னல் திறந்தார்கள், உள்ளே சீட் போட்டார்கள், டிக்கெட் கொடுத்தார்கள். பின்னாளில் பழைய பிளாட் கார்களின் அடிச்சட்டத்தின் மேல் புதிய பெட்டிகளைக் கட்டினார்கள். மேலே கூரை இல்லாத கோண்டோலா பெட்டி இன்றும் அந்த ரயிலில் உண்டு. நின்றுகொண்டே மலையைப் பார்க்கலாம். புகையோடு பறக்கும் கரித்துகள் கண்ணில் விழும் என்பதால், கண்ணாடி போட்டுக்கொண்டு போவது நல்லது.

அந்த அவசரப் பெட்டிகள் இல்லாவிட்டால் டிக்கெட் வருமானம் இல்லை. வருமானம் இல்லாவிட்டால் ரயில் இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சண்டைக்குப் போகும்போது தேவைப்படும்.

22,700 கிலோவுக்குச் செய்த ஸ்பிரிங்கில் 2,800 கிலோ

இப்போது இன்ஜினீயரிங். பயப்படாதீங்க, கணக்கு சின்னதுதான்.

ரியோ கிராண்டேயின் 3000 சீரிஸ் பாக்ஸ் கார்கள் 1904 வாக்கில் கட்டப்பட்டவை. மர உடம்பு, சுமார் 30 அடி நீளம். ஒவ்வொன்றும் 50,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 22,700 கிலோ சரக்கு தாங்கும்.

அதில் 40 பேரை உட்கார வையுங்கள். ஒருவருக்கு 70 கிலோ என்றால் மொத்தம் 2,800 கிலோ. பெட்டியின் தாங்கும் திறனில் எட்டில் ஒரு பங்கு! அந்த ஸ்பிரிங்குகளுக்கு, மேலே யாரோ ஏறியிருக்கிறார்கள் என்பதே தெரியாது. அவை அமுங்கவே அமுங்காது. தண்டவாளத்தின் ஒவ்வொரு இணைப்பும் நேராக உங்கள் முதுகெலும்புக்கு வந்து சேரும். காலி லாரியில் பின்னால் உட்கார்ந்து போனவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

அதனால் முதல் வேலை ஸ்பிரிங் மாற்றுவது. வெளியே பார்க்க அதே பழைய சக்கரத் தொகுதி, உள்ளே மென்மையான ஸ்பிரிங்.

இரண்டாவது, சுவர். மரத்தால் செய்த பாக்ஸ் காரின் பக்கச் சுவரை வெறும் மறைப்பு என்று நினைத்துவிடாதீர்கள். பலகைக்குப் பின்னால் குறுக்குச் சாய்வாக மரச் சட்டங்கள் இருக்கும். இரும்புப் பாலத்தில் 'எக்ஸ்' வடிவத்தில் கம்பிகள் இருக்குமே, அதே வேலை. பெட்டியின் நடுப்பகுதி தொய்யாமல் தாங்குவதில் அவற்றுக்கும் பங்கு உண்டு. ஜன்னலுக்காக அதை அறுத்தால் பெட்டியின் எலும்பையே அறுத்த மாதிரி. எனவே உள்ளே ஓர் இரும்புக் கூடு வைத்துத்தான் ஜன்னல் திறக்க முடியும்.

பெட்டிக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் இரும்புக் கம்பிகளையும் கவனியுங்கள். மர அடிச்சட்டம் நடுவில் தொங்காமல் இருக்க அவைதான் வில்லின் நாண் மாதிரி இழுத்துப் பிடிக்கின்றன. நடுவில் ஒரு திருகு இருக்கும். மரம் தளரத் தளர அதைச் சுற்றி இறுக்குவார்கள். கட்டில் கயிறு தளர்ந்தால் இழுத்துக் கட்டுகிறோமே, அதுபோலத்தான்.

மூன்றாவது, உதறல். கூட்ஸ் வண்டியில் ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் நடுவே உள்ள இணைப்பில் கொஞ்சம் 'ஆட்டம்' இருக்கும். கிளம்பும்போது டடக், டடக், டடக் என்று ஒவ்வொரு பெட்டியாக இழுபடும் சத்தம் அதனால்தான். குழாய்க்கு அது பிரச்னை இல்லை. கையில் சூடான காபி வைத்திருப்பவருக்குப் பிரச்னை! இணைப்பில் அந்த இடைவெளியைக் குறைக்க வேண்டும்.

பிரேக்: இதுதான் உயிர் விஷயம்

சாமாவிலிருந்து கம்ப்ரஸ் கணவாய்க்கு ஏறும் பாதையின் சரிவு 4 சதவிகிதம். 100 அடி போனால் 4 அடி ஏற்றம். காரில் போகிறவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கும் ரயிலுக்கு இது ரொம்பச் செங்குத்து. ஏறுவதை விட இறங்குவதுதான் ஆபத்து.

காற்றழுத்த பிரேக்கில் ஒரு சிக்கல் உண்டு. பிரேக் போட்டுப் போட்டு அழுத்தம் குறைந்தால், மறுபடி காற்று நிரப்ப வேண்டும். நிரப்புவதற்காக பிரேக்கை விடும்போது ரயில் வேகம் எடுத்துவிடும். இதற்காக அமெரிக்கச் சரக்குப் பெட்டிகளில் 'ரிடெய்னர்' என்று ஒரு சின்ன வால்வு வைத்தார்கள். அதைத் திருப்பி வைத்தால், பிரேக்கை விட்ட பிறகும் கொஞ்சம் அழுத்தம் அந்தப் பெட்டியிலேயே தங்கும். கட்டைகள் சக்கரத்தை லேசாகப் பிடித்தபடியே இருக்கும், அந்த நேரத்தில் காற்றும் நிரம்பிவிடும். கம்ப்ரஸ் உச்சியில் இறங்குவதற்கு முன் பணியாளர்கள் இந்த வால்வுகளைத் திருப்பி வைப்பது இன்றும் நடக்கிறது. ஷோவுக்காகச் செய்வதில்லை, அந்தச் சரிவில் அது தேவை.

மனிதர்களை ஏற்றுவதில் ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது. சரக்கு வேகன் காலியாக இருக்கும்போதும், முழுதாக ஏற்றியபோதும் எடை தலைகீழாக மாறும். காலி வேகனில் பிரேக் பலமாகப் பிடித்தால் சக்கரம் சுற்றாமல் வழுக்கும், ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகிவிடும். அதனால் காலி எடையை வைத்துத்தான் பிரேக்கை அமைப்பார்கள். விளைவு, முழு சரக்கு ஏற்றும்போது பிரேக் கொஞ்சம் பலவீனம். பயணிகள் பெட்டியில் அந்த வித்தியாசம் ரொம்பக் குறைவு. பிரேக்கைக் கச்சிதமாக அமைக்கலாம்.

ஆனால் சரக்கு செய்யாத ஒன்றை மனிதர்கள் செய்வோம். "அங்க பாரு, மான்!" என்று ஒருவர் கத்தினால் நாற்பது பேரும் ஒரே பக்கம் ஓடுவோம். 3 அடி அகலப் பாதையில் இது சாதாரண விஷயமில்லை. கைப்பிடி எந்த உயரம், தடுப்பில் குழந்தையின் தலை நுழையுமா, அவசரத்தில் எந்த வழியாக இறங்குவது என எல்லாவற்றையும் புதிதாக யோசிக்க வேண்டும். கரிக்கு எமர்ஜென்சி எக்ஸிட் தேவைப்பட்டதில்லை.

சண்டை இங்கேதான் ஆரம்பம்

சரி, மாற்றலாம், ஓட்டலாம். பிறகு என்ன பிரச்னை?

ஒரு பாக்ஸ் காரை எடுத்து ஜன்னல் அறுத்து, அடியில் இரும்பு வைத்து, ஸ்பிரிங்கை மாற்றி, கதவை இடம் மாற்றினால், கடைசியில் மிஞ்சுவது என்ன? நம்பர் மட்டும்தான்! 1904-ஆம் ஆண்டின் தச்சர்கள் எப்படிப் பலகையை இணைத்தார்கள், எங்கே ஆணி அடித்தார்கள், எந்த மூலையில் சரக்கு உரசித் தேய்ந்தது என்பதெல்லாம் குப்பைத் தொட்டிக்குப் போய்விடும்.

இது பல இடங்களில் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் இரண்டு அடி அகலத்தில் ஓடிய குட்டி ரயில்கள் 1930-களிலும் 40-களின் தொடக்கத்திலும் ஒவ்வொன்றாக மூடின. எல்லிஸ் அட்வுட் என்ற கிரான்பெர்ரி விவசாயி, மிஞ்சிய இன்ஜின்களையும் பெட்டிகளையும் வாங்கி, மாசசூசெட்ஸில் உள்ள தன் தோட்டத்தைச் சுற்றி ஓட்டினார். அதுதான் எடவில் ரயில். அவர் வாங்காவிட்டால் பலவும் உருக்காலைக்குப் போயிருக்கும். அதே நேரம், கூட்டம் பெருகியபோது சரக்கு வண்டிகளை மாற்றித்தான் அங்கே திறந்த பெட்டிகள் செய்தார்கள். காப்பாற்றிய கையே கொஞ்சம் கரைத்தும் விட்டது.

பழைய பயணிகள் பெட்டி என்றால் எல்லோரும் "ஐயோ, தொடாதே" என்பார்கள். வெல்வெட் சீட், வார்னிஷ் மரம், ஒரு கெத்து! சரக்குப் பெட்டிக்கு அப்படி வக்காலத்து வாங்க ஆள் கிடையாது. "கூட்ஸ் வண்டிதானே, வெட்டு" என்பதுதான் வழக்கம். ஆனால் அந்த ரயிலைக் கட்டியதே சரக்குக்காக என்றால், அதன் உண்மையான வரலாறு எந்தப் பெட்டியில் இருக்கிறது?

'டூப்' போட்டால் ஹீரோ பிழைப்பார்

இதற்கு ஒரு வழிதான் புதிதாகக் கட்டுவது. மிஞ்சியிருக்கும் ஒரிஜினலை அளந்து, பழைய வரைபடங்களையும் போட்டோக்களையும் வைத்து, வெளித்தோற்றத்தில் அச்சு அசலாக ஒன்றைச் செய்வது. உள்ளே மட்டும் இன்றைய இரும்பு அடிச்சட்டம், இன்றைய பிரேக், பயணிகளுக்கான ஸ்பிரிங்.

இது புது ஐடியா இல்லை. சில்வர்டன் பாதையில் டூரிஸ்ட் கூட்டம் ஏறியபோது, ரியோ கிராண்டே கம்பெனியே 1963-64-இல் புதிய பயணிகள் பெட்டிகளைக் கட்டியது. பார்க்க 1880-களின் மரப்பெட்டி, உடம்பு முழுக்க எஃகு. ஃபெஸ்டினியோக் ரயிலின் பாஸ்டன் லாட்ஜ் பட்டறையில், ஸ்லேட் குவாரித் தொழிலாளர்கள் வேலைக்குப் போய்வந்த எளிய பெட்டிகளின் வடிவத்தில் மறுபடியும் பெட்டி கட்டியிருக்கிறார்கள். ஒரிஜினல் ஸ்லேட் வேகன்களை அங்கே ஆர்வலர்கள் பழுது பார்த்து, இன்ஜின் இல்லாமல் உருண்டு இறங்கும் அந்தப் பழைய ரயிலை விசேஷ நாட்களில் ஓட்டிக் காட்டுகிறார்கள். பயிற்சி பெற்றவர்கள் வேகன் மேல் உட்கார்ந்து கையால் பிரேக் பிடிப்பார்கள். டூரிஸ்ட் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

அழகான வேலைப் பிரிவினை, கவனித்தீர்களா? ஒரிஜினல் தன் பழைய வேலையைக் காட்டுகிறது. மனிதர்களைச் சுமக்கும் வேலையைப் புதியது எடுத்துக்கொள்கிறது. சினிமாவில் மாடியிலிருந்து குதிக்க டூப் போடுவதில்லையா? ஹீரோவின் எலும்பு உடையாமல் இருக்கத்தானே!

"அப்போ இது போலிதானே?" என்று கேட்கலாம். 'இது 1880' என்று போர்டு மாட்டி ஏமாற்றினால் போலிதான். 'இது புதிதாகக் கட்டியது, மாதிரி இன்னது' என்று சொல்லிவிட்டால் அதில் பொய் இல்லை. ஜன்னல் அறுத்து, உள்ளே எல்லாவற்றையும் மாற்றிவிட்டு 'ஒரிஜினல்' என்று சொல்லும் பெட்டியை விட, இது நேர்மையானது என்றே சொல்வேன்.

கம்ப்ரஸ் அண்ட் டோல்டெக் ரயிலின் கதையும் இந்தத் திசையில்தான் நகர்ந்திருக்கிறது. 1971-இல் வெட்டியே ஆக வேண்டிய கட்டாயம். 1988-இல் அந்த ரயிலின் ஆர்வலர்கள் ஒரு அமைப்பாகச் சேர்ந்தார்கள். ஒவ்வொரு கோடையிலும் தன்னார்வலர்கள் வந்து, வெட்டுப்படாமல் மிஞ்சிய சரக்குப் பெட்டிகளுக்குப் பலகை மாற்றி, பெயின்ட் அடித்து, பழைய எழுத்துகளை அதே வடிவத்தில் எழுதுகிறார்கள். சம்பளம் கிடையாது. வெட்டியவர்கள் மேல் யாரும் கோபப்படத் தேவையில்லை. அவர்கள் வெட்டியதால்தான் இவர்கள் பெயின்ட் அடிக்க ஒரு ரயில் மிஞ்சியது. ஆனால் இன்று வழி இருக்கும்போது மறுபடியும் வெட்டுவதற்கு அந்தச் சாக்கு செல்லாது.

திறந்த பெட்டியின் கிக்... அதன் எல்லை

ஆஸ்திரேலியாவின் மெல்பன் அருகே ஓடும் பஃபிங் பில்லி ரயில் 762 மி.மீ பாதை, 1900-இல் திறந்தது. அந்தக் காலத்திலேயே விடுமுறைக் கூட்டம் தாங்காமல், திறந்த சரக்கு வேகன்களில் பெஞ்ச் போட்டு, மேலே கூரை கட்டி மக்களை ஏற்றியிருக்கிறார்கள். அதாவது, சரக்குப் பெட்டியில் பயணி என்பதே அங்கே ஒரு பாரம்பரியம்!

பக்கம் திறந்த பெட்டியின் விளிம்பில் உட்கார்ந்து காலை வெளியே தொங்கப் போடுவதுதான் அந்த ரயிலின் ஸ்பெஷல். 2018 மார்ச்சில் ஒரு லெவல் கிராசிங்கில் மினி பஸ் ஒன்று ரயிலோடு மோதியது. அதன் பிறகு அந்தப் பழக்கம் நிறுத்தப்பட்டது. பிறகு கட்டுப்பாடுகளோடு மறுபடியும் அனுமதித்தார்கள். தலைமுறை தலைமுறையாக நடப்பது என்பதற்காக ஒரு விஷயம் பாதுகாப்பானது ஆகிவிடாது. அதே நேரம், ஆபத்து என்று சொல்லி எல்லாவற்றையும் கண்ணாடி போட்டு அடைத்துவிட்டால், யாரும் அந்த ரயிலைத் தேடி வர மாட்டார்கள். நடுவில் உள்ள அந்தக் கோட்டைப் போடுவதுதான் பெட்டி கட்டுபவர்களின் உண்மையான வேலை.

ஏறும் முன் இதைப் பாருங்க

அடுத்த முறை எங்காவது இப்படி ஒரு ரயிலில் ஏறினால், செல்ஃபிக்கு முன்னால் இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள்.

* குனிந்து அடியில் பாருங்கள். நீளவாக்கில் கம்பிகளும் நடுவில் திருகும் இருந்தால், அது பழைய மர வண்டியின் அமைப்பு. கம்பி தளர்ந்து சும்மா தொங்கினால், பாரத்தைத் தாங்குவது உள்ளே இருக்கும் இரும்பு, கம்பி வெறும் அலங்காரம்.
* பலகையைப் பாருங்கள். ஒரே பெட்டியில் பழைய பலகையும் புதிய பலகையும் கலந்திருந்தால், யாரோ முடிந்தவரை ஒரிஜினலைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.
* கட்டிய ஆண்டு எங்காவது எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் பணியாளரிடம் கேளுங்கள். "இது மாத்தினதா, புதுசா கட்டினதா?" என்ற ஒரு கேள்வி போதும், அவர் முகம் மலர்ந்துவிடும்.
* 'இது புதிது' என்று பதில் வந்தால் ஏமாற்றம் அடையாதீர்கள். உங்கள் எடையைப் புதியது சுமப்பதால்தான், ஆடும் குழாயும் ஏற்றிய அதன் தாத்தா எங்கோ ஒரு ஷெட்டில், வெட்டுப்படாமல் நிற்கிறார்.